குழாய்க்குள் பிறக்கும் பொறி

ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் திருவிழாக் கொடி ஏறினால் செப்டம்பர் 8 வரை காவிரி டெல்டாச் சாலைகளுக்கு ஓய்வில்லை. காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள், ரயிலிலும் பேருந்திலும் வருகிறவர்கள் போக, கொழும்பிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் திருச்சியில் வந்திறங்கி, அங்கிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் காரில் வருகிறவர்களும் உண்டு. அவர்களை இறக்கிவிட்ட விமானம் அடுத்த பயணத்துக்கு முன் ஒரு மணி நேரம் போலத் தரையில் நிற்கும். சாமான் இறக்குவது, உள்ளே கூட்டுவது, சாப்பாடு ஏற்றுவது, எரிபொருள் நிரப்புவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். எரிபொருள் வண்டியிலிருந்து இறங்கும் ஊழியர், குழாயைத் தொடுவதற்கு முன் ஒரு சுருளிலிருந்து மெல்லிய கம்பியை இழுக்கிறார். அதன் முனையிலுள்ள கிளிப்பை விமானத்தின் உலோகப் பகுதி ஒன்றில் கவ்வ வைக்கிறார். பிறகுதான் குழாய் வெளியே வருகிறது.

அந்தக் கம்பியில் எந்த விளக்கும் எரியாது, எந்த மோட்டாரும் ஓடாது. ஆனாலும் அது இல்லாமல் ஒரு சொட்டு எரிபொருளும் ஏறக்கூடாது என்பது உலகம் முழுவதும் உள்ள விதி. நின்றுகொண்டிருக்கும் விமானத்துக்கு நிலைமின்சாரத்தால் வரக்கூடிய ஆபத்தைத் தடுக்கும் முதல் காவல் அதுதான்.

நிலைமின்சாரம் என்றதும் வறண்ட ஊர்கள்தான் நினைவுக்கு வரும். தில்லியின் ஜனவரி மாதத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றினால் படபடவென்று பொறி பறக்கும். கதவுப் பிடியைத் தொட்டால் விரலைச் சுண்டும். நாகப்பட்டினத்திலோ வேளாங்கண்ணியிலோ பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இந்த அனுபவம் அநேகமாக இருக்காது. கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வருகிறது. காற்றின் ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டினால் தோல், துணி, தரை என எல்லாப் பரப்புகளிலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒட்டிக்கொள்கிறது. சேரும் மின்னேற்றம் அந்தப் படலத்தின் வழியே கசிந்து போய்விடுகிறது. ஆகவே டெல்டாவுக்கு இந்தக் கவலை வேண்டாம் என்று எண்ணத் தோன்றும். இந்த எண்ணத்தில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி ஆளைக் கொல்லக்கூடியது. குழாய்க்குள் ஓடும் எரிபொருளுக்கு வெளியே வீசும் கடற்காற்று எதுவும் செய்ய முடியாது.

இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டுப் பிரியும்போது எலெக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடுகின்றன. உரசல் இதை அதிகமாக்குகிறதே தவிர, தொட்டுப் பிரிவதே போதும். திண்மப் பொருள்களுக்கு மட்டும் உரிய குணமுமல்ல இது. விமான எரிபொருளான ஜெட் ஏ-1 மிகத் தூய்மையான மண்ணெண்ணெய் வகை. மின்சாரத்தை மிக மிக மோசமாகக் கடத்தும். அது குழாய்ச் சுவரை ஒட்டி ஓடும்போது ஒரு வகை மின்னேற்றம் சுவரில் தங்குகிறது. எதிர்வகை ஏற்றத்தை எரிபொருள் தன்னோடு தூக்கிக்கொண்டு போகிறது. வேகம் கூடினால் ஏற்றம் கூடும்.

இதில் வடிகட்டியின் பங்கு பெரியது. விமானத்துக்குப் போகும் எரிபொருளில் தூசியும் தண்ணீரும் இருக்கக்கூடாது என்பதால் நுண்ணிய இழைகளாலான வடிகட்டிகள் வழியாகத்தான் அது செலுத்தப்படுகிறது. நீண்ட குழாயில் ஓடி எரிபொருள் தொட்டுப் பிரியும் பரப்பைவிட வடிகட்டிக்குள் ஒரு நொடியில் அது தொட்டுப் பிரியும் பரப்பு பல மடங்கு அதிகம். அதனால் வடிகட்டியைக் கடந்து வரும் எரிபொருளின் மின்னேற்றம் பத்து மடங்கு, சில வேளைகளில் நூறு மடங்குக்கும் மேலாக உயர்ந்துவிடும். விமானத்தின் பாதுகாப்புக்காக வைத்த கருவியே இன்னோர் ஆபத்தைப் பெருக்குகிறது. அதற்காக வடிகட்டியைக் கைவிட முடியாது. தண்ணீர் கலந்த எரிபொருளோடு விமானத்தை மேலே அனுப்புவது அதைவிடப் பெரிய கேடு.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும். எரிபொருள் ஓட்டம் சுமந்து வரும் மின்னோட்டம் மைக்ரோஆம்பியர் அளவில் இருக்கும், அதாவது ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் சில பங்கு. கைப்பேசி சார்ஜருக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த ஒரு மைக்ரோஆம்பியர், எதனோடும் இணைப்பில்லாமல் நிற்கும் ஓர் உலோக உடலில் சேர்ந்தால்? விமானத்தின் மின்தேக்குத் திறனை ஆயிரம் பிகோஃபாரட் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நொடியும் அதன் மின்னழுத்தம் ஆயிரம் வோல்ட் ஏறும். பத்து நொடியில் பத்தாயிரம் வோல்ட். அப்போது அதில் தேங்கியிருக்கும் ஆற்றல் 50 மில்லிஜூல். எரிபொருள் ஆவி காற்றோடு சரியான விகிதத்தில் கலந்திருந்தால் அதைப் பற்றவைக்க ஏறத்தாழ 0.2 மில்லிஜூல் போதும். தேவைக்கு 250 மடங்கு ஆற்றல் கைவசம் இருக்கிறது.

உண்மையில் விமானம் அப்படி முழுக்கத் தனித்து நிற்பதில்லை. அதன் டயர்களில் கரித்தூள் கலந்திருப்பதால் ஓரளவு மின்சாரம் தரைக்குக் கசிகிறது. பறக்கும்போது மழைத்துளியும் தூசியும் மோதி உடலில் ஏறிய மின்னேற்றம் பெரும்பாலும் டயர் தரையைத் தொட்ட சில நொடிகளில் இறங்கிவிடும். ஆனால் காய்ந்த கான்கிரீட், மெருகேறிய தார்ப்பரப்பு, பழைய டயர் எல்லாம் ஒன்றுசேர்ந்தால் அந்தக் கசிவை நம்ப முடியாது. ஆகவேதான் கம்பி. வண்டியும் விமானமும் ஒரே கம்பியால் இணைந்துவிட்டால் இரண்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். அவற்றுக்கு இடையே பொறி பாய வழியில்லை. ஒரு மைக்ரோஆம்பியரைக் கடத்த அந்தக் கம்பி உயர்தரக் கடத்தியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பத்து லட்சம் ஓம் தடை இருந்தாலும் இரண்டு முனைகளுக்கும் இடையே ஒரு வோல்ட்தான் வரும். முழுதாக அறுந்திருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

எதை முதலில் இணைப்பது, எதைக் கடைசியில் பிரிப்பது என்ற வரிசைக்கும் காரணம் இருக்கிறது. கம்பி முதலில், குழாய் பிறகு. முடிந்ததும் குழாயைக் கழற்றி மூடியை மூடிய பிறகே கம்பியை எடுக்க வேண்டும். இரண்டு உடல்களுக்கு இடையே ஏற்கெனவே மின்னழுத்த வேறுபாடு இருந்தால் முதல் தொடுதலில் ஒரு பொறி வந்தே தீரும். அது ஆவி இல்லாத இடத்தில், சக்கரக்காலின் உலோகத்தில் நிகழட்டும் என்பதுதான் ஏற்பாடு. பெரிய விமானங்களில் குழாயின் முனை இறக்கைக்கு அடியில் அழுத்தமாகப் பூட்டிக்கொள்வதால் அங்கே ஆவி வெளியே வருவது குறைவு. பயிற்சி விமானங்கள் போன்ற சிறியவற்றில் இறக்கையின் மேல் மூடியைத் திறந்து, ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடுவதைப் போலத்தான் நிரப்புகிறார்கள். அங்கே வரிசை தவறினால் பொறி பிறக்கும் இடம் தொட்டியின் வாயாகவே இருக்கும். குழாய் முனைக்கென்று தனிக் கம்பி உண்டு. மூடியைத் திறப்பதற்கு முன்பே அதை இணைத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் புனலும் பிளாஸ்டிக் கேனும் அங்கே வரவே கூடாது. பிளாஸ்டிக்கில் ஏறிய மின்னேற்றத்தை எந்தக் கம்பியாலும் முழுதாக இறக்க முடியாது.

மனித உடலும் ஒரு மின்தேக்கிதான். அதன் திறன் 100 முதல் 200 பிகோஃபாரட் வரை. மூவாயிரம் வோல்ட்டுக்குக் கீழே இருக்கும் பொறியைப் பெரும்பாலானோர் உணர்வதே இல்லை. உணராத பொறியிலும் ஆவியைக் கொளுத்தும் ஆற்றல் இருக்கலாம் என்பதால்தான் எரிபொருள் நிரப்புபவர்களுக்கு நைலான், பாலியெஸ்டர் உடைகள் விலக்கப்பட்டு, பருத்தி உடையோ மின்னேற்றம் சேராதபடி நெய்த உடையோ தரப்படுகிறது. மூடியைத் திறக்குமுன் வெறுங்கையால் விமானத்தின் உலோகத்தை ஒருமுறை தொட வேண்டும் என்பதும் இதற்காகவே. இந்த விஷயத்தில் டெல்டாவின் ஈரக்காற்று உண்மையிலேயே பெரிய துணை.

இணைத்தால் போதுமா, தரைக்கும் தொடர்பு கொடுக்க வேண்டுமா என்பது விமானத் துறையில் நெடுநாள் விவாதம். பழைய விதிகள் மூன்றையும், அதாவது வண்டி, விமானம், தரை ஆகியவற்றை, முக்கோணமாகக் கட்டச் சொன்னன. இப்போது பல நாடுகளின் விதிகள் எரிபொருள் நிரப்பும்போது வண்டிக்கும் விமானத்துக்கும் இடையிலான இணைப்பை மட்டுமே கட்டாயமாக்குகின்றன. தரைக்கம்பி சில வேளை நிறுத்துதளத்தின் அடியில் அலையும் வேறு மின்னோட்டங்களுக்கு வழியாகிவிடும் என்பதும், அதைப் பிடுங்கும்போது பொறி வரும் என்பதும் காரணங்கள். ஆனால் நெடுநேரம் நிறுத்திவைக்கும் விமானத்துக்கும், பழுதுபார்க்கும் கொட்டகையில் நிற்கும் விமானத்துக்கும் தரைத்தொடர்பு அவசியமாகவே கருதப்படுகிறது. தலைக்கு மேல் மின்னேற்றம் கொண்ட மேகம் நின்றால், தரையோடு தொடர்பில்லாத உலோக உடலில் எதிர் ஏற்றம் தானாகத் தூண்டப்படும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையோடும், சித்திரை, வைகாசியில் மாலை இடியோடும் பழகிய டெல்டாவில் இது ஏட்டுப் பேச்சல்ல. பக்கத்தில் மின்னல் வெட்டினால் எரிபொருள் நிரப்புவதை நிறுத்திவிட வேண்டும் என்பது எங்குமுள்ள நடைமுறை.

தரைத்தொடர்பைப் பொறுத்தவரை டெல்டாவின் களிமண் நல்ல மண். ஈரம் இருக்கும்வரை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மேட்டூர் அணை மூடி, வயல் வெடித்துக் கிடக்கும் கோடையில் அதே மண்ணின் தடை பல மடங்கு ஏறிவிடும். கரியும் உப்பும் போட்டு எர்த் குழி தோண்டுவதையும், கோடையில் அதற்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதையும் இந்தப் பக்கத்து எலெக்ட்ரீஷியன் எல்லோரும் அறிவார்கள். நிலைமின்சாரத்துக்கு அவ்வளவு குறைந்த தடை தேவையில்லை என்றாலும், குழிக்குள் கம்பி உப்பில் அரித்து அறுந்து போயிருந்தால் மேலே தெரியும் கிளிப்புக்குப் பொருளே இல்லை.

கம்பியால் தீராத ஒரு பகுதியும் உண்டு. விமானமும் வண்டியும் சரியாக இணைந்திருந்தாலும், தொட்டிக்குள் போய்ச் சேர்ந்த எரிபொருள் தன் மின்னேற்றத்தை உடனே விட்டுவிடுவதில்லை. எரிபொருளே மோசமான கடத்தி என்பதால், அதன் நடுவிலும் மேற்பரப்பிலும் இருக்கும் ஏற்றம் தொட்டிச் சுவருக்கு வந்துசேர நேரம் பிடிக்கிறது. அதற்குள் மேற்பரப்பிலிருந்து தொட்டியின் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஏதாவது உலோக முனைக்குப் பொறி பாயலாம். அந்த இடத்தில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன. எரிபொருளின் கடத்துதிறன் மீட்டருக்கு 1 பிகோசீமன்ஸ் என்றால் ஏற்றம் மூன்றில் ஒரு பங்காகக் குறைய ஏறத்தாழ 18 நொடி ஆகும். 50 பிகோசீமன்ஸ் என்றால் அரை நொடிகூட ஆகாது.

இந்த வித்தியாசத்தை உலகம் விபத்துகளின் வழியாகத்தான் கற்றது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கனடாவிலும் அமெரிக்காவிலும் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்த பயணிகள் ஜெட்களின் தொட்டிகள் வெடித்தன. எங்கேயும் இணைப்புக் கம்பி மட்டும் காப்பாற்றப் போதவில்லை. பின்னர் அமெரிக்க விமானப்படையின் ஏ-10, சி-130 விமானங்களில் தொட்டித் தீயை அடக்க வைத்த பாலியுரேதேன் நுரையே எரிபொருளோடு உரசி மின்னேற்றத்தை உண்டாக்கித் தீப்பிடிக்கக் காரணமானது. மின்சாரத்தைக் கடத்தும் நுரையைப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. காப்புக்காகச் சேர்த்த பொருளே பகையாவது இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

தீர்வு வேதியியலிலிருந்து வந்தது. எரிபொருளில் மிகச் சிறிய அளவில் ஒரு சேர்க்கையைக் கலந்தால் அதன் கடத்துதிறன் ஏறிவிடும். இன்று பரவலாகப் பயன்படும் ஸ்டாடிஸ் 450 என்ற சேர்க்கையை முதல்முறை கலக்கும்போது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இதைச் சேர்த்த ஜெட் ஏ-1 எரிபொருளின் கடத்துதிறன் விமானத்துக்குப் போகும் இடத்தில் 50-க்கும் 600 பிகோசீமன்ஸுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது சர்வதேச வரையறை. அமெரிக்க உள்நாட்டு எரிபொருளில் இந்தச் சேர்க்கை கட்டாயமில்லை என்பதால் அங்கே வடிகட்டிக்குப் பின் எரிபொருள் 30 நொடி அமைதியாகத் தங்கிப் போகும்படி வண்டியை அமைக்கும் வழக்கம் வளர்ந்தது. சேர்க்கை சேர்த்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. குழாய்களிலும் சேமிப்புத் தொட்டிகளிலும் நெடுந்தூரம் பயணப்படும்போது அது சுவர்களில் ஒட்டிக் குறைந்துவிடும். அதனால் கடத்துதிறனை ஆலையில் ஒருமுறையும் விமான நிலையத்துக்கு அருகில் மறுபடியும் அளக்க வேண்டியிருக்கிறது.

வெப்பத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெட் ஏ-1 பற்றக்கூடிய ஆவியை வெளியிடும் வெப்பநிலை குறைந்தபட்சம் 38 டிகிரி செல்சியஸ் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் எழுதப்பட்ட பல பாதுகாப்புக் கையேடுகளில் இந்த எண் ஒரு பெரிய ஆறுதலாகவே வரும். அங்கே தொட்டி அந்த அளவுக்குச் சூடாகும் நாள்கள் குறைவு. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் மே மாதத்தில் நிழலிலேயே 38 டிகிரியைத் தாண்டும் நாள்கள் சாதாரணம். கான்கிரீட் தளத்தில் வெயிலில் காயும் இறக்கைத் தொட்டி காற்றைவிடச் சூடாகவே இருக்கும். மேலும் எரிபொருள் மூடுபனி போலத் தெறித்தால் 38 டிகிரிக்குக் கீழேயும் பற்றும். ஆகவே மண்ணெண்ணெய் எளிதில் பற்றாது என்ற பொதுநம்பிக்கையை இந்த வட்டாரத்தில் அப்படியே எடுத்துக்கொள்வது தவறு.

விமான நிலையம் வரை போகாமல், வேளாங்கண்ணிக்கு வடக்கே நாகப்பட்டினத்தைத் தாண்டினாலே இதே பிரச்சினையின் இன்னொரு முகம் தெரியும். நரிமணம் எண்ணெய் வயலை நம்பி, பனங்குடியில் 1993-இல் அப்போதைய மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனம் காவிரிப் படுகை சுத்திகரிப்பு ஆலையைத் தொடங்கியது. இப்போது அங்கே சி.பி.சி.எல். என்று பெயர் மாறிய அதே நிறுவனமும் இந்தியன் ஆயிலும் சேர்ந்து ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறனுள்ள புதிய ஆலையைத் திட்டமிட்டிருக்கின்றன. எண்ணெய் ஆலை என்றால் டேங்கர் லாரி. அந்த லாரிகளின் பின்னால் தரையை உரசித் தொங்கும் சங்கிலியைச் சாலையில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஓடும்போது சேரும் ஏற்றத்தை இறக்கத்தான் அது. காய்ந்த தார்ச்சாலையில் அதன் பயன் குறைவு. உண்மையான பாதுகாப்பு, எண்ணெய் ஏற்றும் மேடையில் லாரியின் உடலோடு கவ்வ வைக்கும் கம்பியில் இருக்கிறது.

லாரி மேடையில் மிகவும் அஞ்ச வேண்டிய வேளை, முன்பு பெட்ரோல் ஏற்றி வந்த அறையில் டீசல் ஏற்றுவது. பெட்ரோல் தொட்டிக்குள் அதன் ஆவி பெரும்பாலும் எரிய முடியாத அளவுக்கு அடர்த்தியாக இருக்கும். டீசலுக்குத் தானாகத் தொட்டியை நிரப்பும் அளவு ஆவி இருக்காது. பெட்ரோலைக் காலிசெய்த அறையில் மீதியிருக்கும் ஆவி காற்றோடு கலந்து எரியும் விகிதத்துக்கு வந்திருக்கும். அதில் மின்னேற்றத்தோடு வந்து விழும் டீசல் பொறியைத் தரும். இரண்டு பொருள்களும் தனித்தனியே ஓரளவு பாதுகாப்பானவை. அடுத்தடுத்து வந்தால்தான் வெடிப்பு. அதனால்தான் குழாயை அடிவரை இறக்கி, வாய் மூழ்கும்வரை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மெதுவாக விடச் சொல்கிறது உலகத் தரவிதி. பெரிய சேமிப்புத் தொட்டிகளில் நிரப்பிய பின் அரை மணி நேரம் கழித்தே அளவுகோலை உள்ளே விட வேண்டும்.

தண்ணீர் நிலைமின்சாரத்தைப் போக்கிவிடும் என்ற நம்பிக்கையைக் கடல் பொய்யாக்கியது. 1969 டிசம்பரில், மூன்று வாரத்துக்குள், மார்ப்பெஸ்ஸா, மாக்ட்ரா, கோங் ஹாகோன் VII என்ற மூன்று மாபெரும் எண்ணெய்க் கப்பல்கள் வெற்றுத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது வெடித்தன. மார்ப்பெஸ்ஸா மூழ்கிவிட்டது. பீய்ச்சி அடித்த தண்ணீரிலிருந்து எழுந்த நுண்துளிப் புகையே மின்னேற்றம் கொண்டிருந்தது என்று ஆராய்ச்சி காட்டியது. அதன் பிறகே பெரிய எண்ணெய்க் கப்பல்களின் தொட்டிகளில் ஆக்சிஜன் குறைந்த வாயுவை நிரப்பிவைக்கும் முறை பரவியது. விமானத் தொட்டியை நீராவி கொண்டோ கரைப்பான் தெளித்தோ சுத்தம் செய்பவர்களுக்கும் இதே பாடம் பொருந்தும்.

வேளாங்கண்ணியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் தஞ்சாவூர் விமானப்படை நிலையம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய அந்தத் தளம் 2013 மே மாதம் முழுநிலை விமானப்படை நிலையமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. 2020 ஜனவரி 20 அன்று 222-ஆவது ஸ்குவாட்ரன், பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்கக்கூடிய சுகோய் 30 எம்.கே.ஐ. விமானங்களோடு இங்கே நிலைகொண்டது. போர்விமானத்துக்குப் பயணிகள் விமானத்தைவிடக் கூடுதலான ஒரு கவலை உண்டு. விமானி வெளியேறும் இருக்கை, ஏவுகணை மோட்டார், வெளித்தொட்டியைக் கழற்றிவிடும் அமைப்பு எல்லாவற்றிலும் வெடிமருந்துக் குச்சிகள் இருக்கின்றன; அவற்றில் பல சிறு மின்னோட்டத்தாலேயே பற்றும். ஒரு பொறியின் ஆற்றலே சிலவற்றைத் தூண்டப் போதுமானது. ஆகவே ஆயுதம் ஏற்றும் இடத்தில் தரைத்தொடர்பும், ஊழியரின் உடலிலிருந்து ஏற்றத்தை இறக்கும் ஏற்பாடும், சுற்றுகளைக் குறுக்கிணைத்து வைக்கும் பாதுகாப்பு முளைகளும் உலகெங்கும் இருக்கின்றன.

1985 ஜனவரி 11 அன்று மேற்கு ஜெர்மனியின் ஹைல்பிரான் அருகே அமெரிக்க ராணுவம் ஒரு பெர்ஷிங் 2 ஏவுகணையின் முதல் கட்டத்தைப் பெட்டியிலிருந்து தூக்கியபோது அதன் திட எரிபொருள் பற்றிக்கொண்டது. மூன்று வீரர்கள் இறந்தார்கள். யாரும் எந்த விசையையும் தொடவில்லை. ஏவுகணையின் கெவ்லார் உறை பெட்டியோடு உரசிப் பிரிந்ததில் ஏறிய மின்னேற்றம், கடும் குளிரில் காய்ந்த காற்றில், கசிய இடமின்றி எரிபொருளுக்குள்ளேயே பாய்ந்திருக்கிறது. அணு முனை அதில் பொருத்தப்பட்டிருக்கவில்லை. 1964 ஏப்ரலில் கேப் கனாவெரல் தளத்தில் டெல்டா ராக்கெட்டின் மூன்றாம் கட்டம் கொட்டகைக்குள்ளேயே பற்றி மூன்று தொழில்நுட்ப ஊழியர்களைக் கொன்றதற்கும் நிலைமின்சாரமே காரணமாகக் கருதப்பட்டது. இப்படிப்பட்ட நிகழ்வுக்கு டெல்டாவின் ஈரம் ஒரு நல்ல காப்புதான். குளிரூட்டி ஈரத்தை உறிஞ்சிய கிடங்கின் உள்ளே போனதும் அந்தக் காப்பு நின்றுவிடுகிறது.

பயணிகளில் பலர் ஜன்னல் வழியே இறக்கையின் பின்விளிம்பில் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருப்பவற்றைப் பார்த்திருக்கலாம். பறக்கும்போது சேரும் ஏற்றத்தைக் காற்றிலேயே மெல்ல இறக்கி வானொலித் தொடர்பில் இரைச்சல் வராமல் காப்பது அவற்றின் வேலை. மின்னலைத் தடுக்க அவை வைக்கப்படவில்லை. உயர்ந்த மின்னழுத்தம் வந்த பிறகே அவை வேலை செய்யத் தொடங்கும் என்பதால் தரையில் எரிபொருள் நிரப்பும்போது அவற்றால் உதவியில்லை.

உப்புக்காற்றுக்கு வருவோம். டெல்டாக் கரையில் நிலைமின்சாரப் பாதுகாப்பின் உண்மையான எதிரி துரு. கிளிப்பின் பற்களில் பச்சைப் படிவு ஏறுகிறது. சுருளின் உள்ளே அச்சு துருப்பிடிக்கிறது. கம்பியின் மேலே பிளாஸ்டிக் உறை பளபளப்பாக இருக்க, உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. பெயின்ட் பூசிய பரப்பில் கவ்விய கிளிப்பும் அறுந்த கம்பிக்குச் சமம். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். மீட்டரை வைத்து ஒருமுறை தொடர்பைச் சோதிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. தீயணைப்பான் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கும் அக்கறையில் பாதியாவது இந்தக் கம்பிக்கும் கிடைக்க வேண்டும். கடலோரத் தளங்களில் உள்நாட்டைவிடக் குறுகிய இடைவெளியில் இந்தச் சோதனை நடக்க வேண்டும். அதற்கான பயிற்சி, வேலை செய்கிறவரின் மொழியில், காரணத்தோடு சொல்லப்பட வேண்டும். காரணம் தெரியாதவர் அவசரத்தில் முதலில் கைவிடுவது, வெளியே எதையும் செய்யாததுபோலத் தெரியும் வேலையைத்தான்.

இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதி விமான நிலையங்களுக்கு வெளியே, வேளாங்கண்ணி, நாகப்பட்டினம், வேதாரண்யம் மீனவர்களை நேரடியாகத் தொடுவது. நிலைமின்சாரத்தை மிக வேகமாகச் சேர்ப்பது அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டர். சுழலும் தகடுகள் தூசியையும் நீர்த்துளியையும் உப்புத்துகளையும் ஓயாமல் வெட்டுகின்றன. தரையோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் மின்னேற்றம் ஏறிக்கொண்டே போகிறது. பெரிய ஹெலிகாப்டர்களில் அது பல பத்தாயிரம் வோல்ட்டைத் தாண்டும். அதிலிருந்து இறங்கும் இரும்புக் கயிறும் கொக்கியும் அதே மின்னழுத்தத்தில் இருக்கும். கீழே நிற்பவர் கைநீட்டி அதைப் பிடித்தால் மொத்த ஏற்றமும் அவர் உடல் வழியே கடலுக்கோ தரைக்கோ இறங்கும். அந்த அதிர்ச்சியே உயிரை எடுப்பது அரிது. ஆனால் ஆடும் படகின் விளிம்பில் நிற்பவரைக் கால் தவற வைக்க அது தாராளமாகப் போதும். தளத்தில் டீசலோ பெட்ரோலோ சிந்தியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ராணுவங்களில் தொங்கும் சுமையைக் கொக்கியில் மாட்டுபவர், தரையில் ஊன்றிய கம்பியோடு இணைந்த ஒரு கோலால் முதலில் கொக்கியைத் தொடுவது இதனால்தான்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வேளாங்கண்ணிக் கரையை வாரிக்கொண்டு போன நாள்களில் இந்தியக் கடற்படையும் விமானப்படையும் ஹெலிகாப்டர்களை மீட்புக்கு அனுப்பின. 2017 ஒக்கி புயலில் கன்னியாகுமரிக்கு அப்பால் கவிழ்ந்த படகுகளைப் பற்றிக்கொண்டு மிதந்தவர்கள் கயிற்றில் தூக்கப்பட்டார்கள். 2023 டிசம்பரில் தூத்துக்குடியில் வெள்ளம் சூழ்ந்த வீட்டுக் கூரைகளிலிருந்து மக்கள் மேலே இழுக்கப்பட்டார்கள். அடுத்த புயலிலும் அந்தக் கயிறு இறங்கி வரும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: கொக்கி முதலில் கடல்நீரையோ தரையையோ படகின் உலோகத்தையோ தொடும்வரை கை நீட்டாமல் இருப்பது. தொட்ட கணத்தில் ஏற்றம் இறங்கிவிடும், பிறகு பிடிக்கலாம். பிடித்த கயிற்றைப் படகில் எங்கேயும் கட்டிவிடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்க வேண்டும். கட்டினால் ஹெலிகாப்டரே ஆபத்தில் மாட்டும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாகப்பட்டினத்திலும் அக்கரைப்பேட்டையிலும் விசைப்படகுகள் கரையேறி நிற்கும். வலை பழுதுபார்ப்பதும் என்ஜினைப் பிரித்துப் பூட்டுவதும் நடக்கும். காரைக்காலில் கடலோரக் காவல்படை நிலையம் இருக்கிறது. வடகிழக்குப் பருவம் தொடங்க இன்னும் சில மாதம் இருக்கும் அந்த இடைவெளியில், ஏலக்கூடத்திலேயே அரை மணி நேரம் ஒரு கொக்கியைத் தொங்கவிட்டு, எதை முதலில் தொடவிட வேண்டும் என்று காவல்படையினர் செய்துகாட்டினால் படகில் போகும் ஒவ்வொருவருக்கும் அது போய்ச்சேரும்.